மோட்டார் உறுமுது, ஆனா சுத்தல: என் அனுபவம்

வீட்டு தண்ணி மோட்டாரு, சுவிட்ச் போட்டா ம்ம்ம்னு உறுமும், சுத்தாது, கொஞ்ச நேரத்துல ட்ரிப் ஆயிடும். பாத்தவங்க எல்லாம் காயில் போச்சு, ரீவைண்டிங்தான், அதாவது உள்ள கம்பிச் சுருளைப் புதுசா சுத்தணும்னாங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு பின்னாடி ஃபேன் கவரைக் கழட்டி கையால சுத்திப் பாத்தேன், லேசா சுத்துச்சு, அப்போ பேரிங் ஜாம் இல்ல. சிங்கிள் பேஸ் மோட்டார், அதாவது ஒரு பேஸ் கரண்ட்ல ஓடுறது, தானா கிளம்பாதுங்க, கண்டன்சர்தான் (கரண்டைச் சேத்து வைக்கிற டப்பா, கெப்பாசிட்டர்) கிளப்பி விடும், அது இருக்குற மூடியைத் திறந்து பாத்தா நல்லா உப்பிப் போயிருந்துச்சு. ஆஃப் பண்ணாலும் அதுக்குள்ள கரண்ட் நிக்கும், வெறுங்கையால தொட்டுடாதீங்க, ரெண்டு முனைக்கும் குறுக்க ஒரு குண்டு பல்ப வச்சு இறக்கிட்டு அப்புறம்தான் கழட்டணும். பழசுல போட்டிருந்த அதே மைக்ரோஃபாரட் (கண்டன்சரோட அளவு), 440 வோல்ட் பாத்து வாங்கி மாட்டினேன், போட்ட உடனே டேங்க்ல தண்ணி கொட்டுது. கருகல் வாடை வந்தா காயிலைப் பாருங்க.