குதிகால் வலியா? முதல் அடி வைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்

காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி ஏறுகிற மாதிரி சுரீர் என்கிறதா? பத்து இருபது அடி நடந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் மறுபடியும் அதே குத்தல், ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் பாதம் முழுக்கக் கடுத்துப்போய் படி ஏறவே முடியாமல் போகிறதா? அப்படியென்றால் இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் 11 வருடமாக நின்று வேலை பார்க்கிறேன். எனக்கு இந்த வலி முழுதாக விட எட்டு மாதம் ஆனது. அதில் முதல் மூன்று மாதம் தைலம், மாத்திரை, யார் யாரோ சொன்ன வைத்தியம் என்றே போய்விட்டது. உங்களுக்கு அந்த மூன்று மாதம் மிச்சமாகட்டும்.

முதலில் வலிப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் அடிவரைக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது, வில்லுக்கு நாண் கட்டியது போல. பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். நாள் முழுக்க கெட்டியான தரையில் நின்றால், உடம்பு எடை கூடினால், கெண்டைக்கால் இறுகிக் கிடந்தால், அல்லது வழக்கமில்லாமல் ஒரேயடியாக நிறைய நடந்துவிட்டால், அது எலும்போடு சேருகிற இடத்தில் நைந்துபோகிறது. எனக்குத் தொடங்கியது ஒரு பௌர்ணமிக்கு மறுநாள். மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயல் கொடியிடையம்மன் மூன்று பேரையும் ஒரே நாளில் பார்க்கிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டல்லவா, அன்றைக்கு மூன்று கோயில் கல்தரையிலும் வெறுங்காலோடு சுற்றினேன். ஏற்கெனவே நைந்திருந்த இடம் அன்றைக்குப் போதும் போதும் என்று சொல்லிவிட்டது போல.

ராத்திரி தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்கி அந்தப் பட்டை சுருங்கிக் கிடக்கும். காலையில் எழுந்ததும் மொத்த எடையையும் அதன்மேல் வைத்தால் வெடுக்கென்று இழுபடும், அதுதான் அந்த முதல் அடி வலி. டாக்டர்கள் பிளான்டர் ஃபேசியைடிஸ் என்பார்கள், வீட்டுப் பெரியவர்கள் குதிகால் வாதம் என்பார்கள். உள்ளங்காலில் குதிகாலின் முன்பக்கம், உள்பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே உயிர் போகிற மாதிரி வலித்தால் பெரும்பாலும் இதுதான்.

எக்ஸ்ரே எடுத்தவர்களிடம் "எலும்பு வளர்ந்திருக்கு" என்று சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டு ஆபரேஷன்வரை யோசித்து அழுதவர்களை எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள். அந்த முள் மாதிரியான எலும்பு, வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் இருக்கிறது. வலி விட்டுப்போன பிறகும் எக்ஸ்ரேயில் அது அப்படியேதான் தெரியும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கண் விழித்ததும் காலைத் தரையில் வைக்காதீர்கள். பாயிலோ கட்டிலிலோ உட்கார்ந்தபடியே வலிக்கிற காலை எடுத்து அடுத்த தொடைமேல் போடுங்கள். ஒரு கையால் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து முழங்கால் பக்கமாகப் பின்னுக்கு இழுங்கள். இன்னொரு கையின் கட்டைவிரலை உள்ளங்கால் நடுவில் வையுங்கள். தோலுக்கு அடியில் கயிறு மாதிரி ஒன்று விறைத்துத் தட்டுப்படும். அது தட்டுப்பட்டால்தான் சரியாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும். 10 விநாடி பிடித்து விடுங்கள், இப்படி 10 முறை. இரண்டு மூன்று நிமிட வேலைதான். அது முடிந்த பிறகே எழுந்திருங்கள். பகலில் இன்னும் இரண்டு முறை, முக்கியமாக ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழுவதற்கு முன். நான் இதை பஸ்ஸிலும் செய்திருக்கிறேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது கெண்டைக்கால். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். முழங்காலை நீட்டி 30 விநாடி, லேசாக மடக்கி 30 விநாடி, மூன்று சுற்று. கெண்டைக்கால் இளகாமல் குதிகால் இளகாது, இதை விட்டுவிடாதீர்கள்.

இழுத்துவிடுவது மட்டும் போதாது, அந்தப் பட்டைக்குப் பலமும் ஏற வேண்டும். எனக்கு நிஜமாகத் திருப்பம் வந்தது இதில்தான். ஒரு துண்டைச் சுருட்டி மாடிப்படியின் விளிம்பில் வையுங்கள். விரல்கள் துண்டின்மேல் மேல்நோக்கி வளைந்திருக்க, குதிகால் படிக்கு வெளியே இருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணி மெதுவாக எழும்புங்கள், மேலே இரண்டு எண்ணுங்கள், மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். 12 முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு காலில் முடியாவிட்டால் இரண்டு காலாலும் தொடங்குங்கள், அவசரமே இல்லை. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் சுற்றைக் குறையுங்கள்.

இதெல்லாம் செய்துவிட்டு வெறுங்காலோடு தரையில் நின்றால் ஒரு கையால் கட்டி ஒரு கையால் அவிழ்ப்பது மாதிரி. ஹவுசிங் போர்டு வீட்டுச் சிமெண்ட் தரை, மொசைக், இப்போது எல்லாரும் போடுகிற டைல்ஸ், அடுப்படியில் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம்... குதிகாலுக்கு இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. வீட்டுக்குள் செருப்பா என்று என் மாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. புதிதாக ஒரு ஜோடி வாங்கி, அது வாசல்படி தாண்டாது, பூஜை அலமாரி பக்கம் வராது என்று சொல்லிக் காட்டிய பிறகு சரி என்றார்கள். இப்போது அத்தையும் அதே மாதிரி ஒன்று போட்டுக்கொண்டுதான் சமைக்கிறார்கள்.

செருப்பு எது என்றால், எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு என்று கடையில் கேளுங்கள், மெத்தென்று ஆனால் அமுங்கிப்போகாமல் இருக்கும். வளைவைத் தாங்குகிற மேடு அதில் இருந்தால் இன்னும் நல்லது. கையில் எடுத்து இரண்டாக மடக்கிப் பாருங்கள், நடுவில் மடங்குகிற செருப்பு வேண்டாம், விரல் பக்கம் மட்டும் மடங்க வேண்டும். தேய்ந்து தகடாகிப்போன ரப்பர் செருப்பை இன்றைக்கே தூக்கிப்போடுங்கள். கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னால் தனியாக ஒரு சுத்தமான ஜோடிக்கு அனுமதி கேளுங்கள். அப்புறம், உட்காருவதற்கும் கேளுங்கள். கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அது நமக்காகப் போட்ட சட்டம், கேட்பதில் தப்பே இல்லை.

செங்கல்லைச் சூடாக்கி, மேலே எருக்கிலை வைத்து, அதில் குதிகாலை அழுத்துகிற வைத்தியத்தை யாராவது கட்டாயம் சொல்வார்கள். சூடு அந்த நேரத்துக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் சர்க்கரை இருக்கிறவர்கள் தயவுசெய்து செய்யாதீர்கள். எங்கள் மாடியில் ஒரு அக்காவுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தது அவருக்கே தெரியாது, செங்கல் சுட்டதும் தெரியவில்லை, மறுநாள் பெரிய கொப்புளம், அது புண்ணாகி ஆற இரண்டு மாதம் பிடித்தது. சாயங்காலம் கால் கடுத்தால் அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்து, மேலே துணி சுற்றி, உட்கார்ந்தபடி உள்ளங்காலுக்கு அடியில் 10 நிமிடம் உருட்டுங்கள். காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஐஸுக்குப் பஞ்சமே இல்லை, துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கலாம். உணர்ச்சி குறைந்த காலுக்கு ஐஸும் கூடாது.

வலி மாத்திரையை நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள், வயிற்றையும் கிட்னியையும் பதம் பார்க்கும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நல்ல நிம்மதி தரும், திரும்பத் திரும்பப் போட்டால் அந்த நார்ப்பட்டையே அறுந்துபோகவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்ந்துபோகவும் வாய்ப்பு உண்டு. நாலு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் விடவில்லை என்றால் டாக்டரிடம் ஊசியைப் பற்றிப் பேசலாம்.

சில வலிக்குக் காத்திருக்கவே கூடாது. படுத்திருக்கும்போதும் ராத்திரியிலும் வலிப்பது, வீக்கம், சிவப்பு, காய்ச்சல், மரத்துப்போவது, எரிச்சல், விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாதது, குதிகாலை இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினால் எலும்புக்குள் வலிப்பது, இளம்வயதில் குதிகாலோடு சேர்ந்து காலையில் இடுப்பும் விறைத்துக்கொள்வது, இதில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். நமக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, எலும்பு டாக்டரும் பிசியோதெரபியும் அங்கேயே பார்க்கலாம். சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தைத் தனியாகப் பார்க்கிற எம்.வி. நீரிழிவு மருத்துவமனை ராயபுரத்தில் 1954-லிருந்து இருக்கிறது.

எத்தனை நாளில் சரியாகும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பத்தில் எட்டு பேருக்காவது ஊசி, ஆபரேஷன் இல்லாமல் ஒரு வருடத்துக்குள் விட்டுவிடும். நாளுக்கு நாள் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மனசு வெறுத்துப்போகும். காலண்டரில் ஒவ்வொரு ஞாயிறும் முதல் அடி வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு எண் எழுதுங்கள். என்னுடையது 8-ல் தொடங்கியது, ஆறாவது வாரத்தில் 6, நாலாவது மாதத்தில் 3, நடுவில் ஆடித் தள்ளுபடி நெரிசலில் திரும்ப 5-க்கு ஏறி இறங்கியது. வலி போனதும் நிறுத்திவிடாதீர்கள், வாரத்தில் மூன்று நாள் படிக்கட்டுப் பயிற்சி எனக்கு இன்றும் உண்டு. போன பௌர்ணமிக்கு வடிவுடையம்மனை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்ததற்கு இரண்டு கோயில் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.