ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்: நரம்புக் காயத்தில் தவிர்க்க வேண்டிய கணக்குப் பிழைகள்

முதல் தவறு ‘நரம்பு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஊசி போட வரும் செவிலியர் கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நரம்பே கிடைக்கலையே” என்கிறார். அவர் தேடுவது சிரை, அதாவது ரத்தக்குழாய். குதிகாலுக்கு மேலே விறைத்து நிற்கும் தசைநாணையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். அதனால் நிஜ நரம்பு அறுந்துவிட்டது என்றதும், குழாய் உடைந்து ஏதோ ஒழுகிப் போகிற படம்தான் மனதில் வருகிறது. இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கு நான் பாடம் எடுக்கும்போது, முதல் அரைமணி நேரம் இந்தப் படத்தை அழிப்பதிலேயே போய்விடும்.

நரம்பு என்பது ஆயிரக்கணக்கான இழைகளைத் திரித்த கயிறு மாதிரி. ஒவ்வோர் இழையும் ஒரு செல்லின் நீண்ட வால். ஆக்ஸான் என்பது அதைத்தான். உங்கள் நடுவிரல் நுனிக்குத் தொடுவுணர்வு தரும் செல், கழுத்துப் பக்கம் முதுகெலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. மணிக்கட்டு அங்கிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி. இழைக்கு வேண்டிய புரதத்தில் பெரும்பகுதி அந்தச் செல்லில்தான் தயாராகிறது. இழைக்குள்ளேயும் கொஞ்சம் தயாராகிறது. ஆனால் பெரும்பாலான சரக்கு மேலேயிருந்துதான் வர வேண்டும். (தினம் நான்கு முட்டை சாப்பிட்டால் நரம்பு சீக்கிரம் வளருமா என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. தின்ற புரதம் அமினோ அமிலங்களாக உடைந்துதான் ரத்தத்தில் சேரும். அப்படியே போய் நரம்பில் ஏறி உட்காராது.)

சரி, இப்போது கண்ணாடி கிழித்து மணிக்கட்டில் நரம்பு அறுந்துவிட்டது, தைத்தும் ஆயிற்று. “ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும், பொறுமையாக இருங்கள்” என்பார் மருத்துவர். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு 18 சென்டிமீட்டர் என்றால் ஆறு மாதம். அறுந்த இழை தையலைத் தாண்டிப் போக ஆகும் சில வாரங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கில் பிழை இல்லை. அந்த 1 மில்லிமீட்டரைப் புரதம் நகரும் வேகம் என்று எழுதுவதுதான் பிழை. விடைத்தாளில் நான் அதிகம் சுழித்தது இந்த வரியைத்தான்.

புரதங்கள் ஒரே வேகத்தில் போவதில்லை. சிறு பைகளில் ஏறிப் போகும் சவ்வுப் புரதங்கள் ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் வரை ஓடும். கழுத்திலிருந்து மணிக்கட்டுக்கு இரண்டு, மூன்று நாளில் வந்துவிடும். செல்லின் உருவத்தைத் தாங்கும் ஆக்டின் என்ற புரதமும் நூற்றுக்கணக்கான நொதிகளும் ஒரு நாளைக்கு 2 முதல் 8 மில்லிமீட்டர். இழைக்குச் சட்டமாக நிற்கும் நியூரோஃபிலமென்டும் டியூபுலினில் பெரும்பங்கும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. இடுப்பிலிருந்து பாதம் வரை போகும் ஒரு மீட்டர் இழையில் இந்தக் கடைசிக் கூட்டம் போய்ச்சேர மூன்று வருடம் ஆகும்.

இதே எண்களை வைத்து இன்னொரு தவறையும் சரிபார்த்துக்கொள்ளலாம். அறுந்த செய்தி மேலே போய், செல் புதுச் சரக்கு தயாரித்து, அது வந்து சேர்ந்த பிறகுதான் இழை முளைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்டின் ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டர் வந்தாலும் 60 சென்டிமீட்டருக்கு 150 நாள். ஆனால் வெட்டிய ஓரிரு நாளிலேயே முனையில் முளை விடுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். அப்படியானால் ஆரம்ப வளர்ச்சி, வெட்டு விழுவதற்கு முன்பே இழைக்குள் இருந்த சரக்கில்தான் நடக்கிறது. புதுச் சரக்கு வந்துசேர்ந்த இழை எப்படி வளரும் என்பதற்கும் பழைய சோதனை உண்டு. எலியின் நரம்பை ஒருமுறை நசுக்கிவிட்டு, இரண்டு வாரம் கழித்து அதே நரம்பில் மறுபடி காயம் ஏற்படுத்தினால், இரண்டாம் முறை இழை முன்னைவிட வேகமாக வளர்கிறது. முதல் காயத்துக்குச் செல் அனுப்பிய சரக்கு அதற்குள் வழியில் இறங்கியிருக்கிறது.

அப்புறம், மெதுவாகப் போவது என்றால் மாட்டுவண்டி மாதிரி ஒரே சீராக ஊர்ந்து போவது என்ற எண்ணம். ரொம்ப நாள் ஆராய்ச்சியாளர்களே அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 2000-ம் ஆண்டு வாக்கில், ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்து நியூரோஃபிலமென்டை உயிருள்ள இழைக்குள் நேராகப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. அது ஓடுகிறது, நிற்கிறது, சில சமயம் பின்னாலும் போகிறது. ஓடும்போது நல்ல வேகம்தான். ஆனால் பெரும்பாலான நேரம் நின்றுகொண்டே இருக்கிறது. நாலு எட்டு வேகமாக வைத்து, எட்டு டீக்கடையில் உட்காரும் ஆள் மாதிரி. நாள் முடிவில் சராசரி பார்த்தால் ஆமை வேகம். ஆகவே ‘வேகம் குறைந்தது’ என்று ஓர் ஆய்வுத்தாளில் படித்தால், ஓட்டம் குறைந்ததா, நிற்கும் நேரம் கூடியதா என்று கேளுங்கள்.

அடுத்தது பெரிய தவறு: அளவையும் வேகத்தையும் குழப்புவது. இதற்குச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். முதுகெலும்பை ஒட்டிய செல்களில் கதிரியக்கம் ஏற்றிய மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தை ஊசியில் செலுத்துவார்கள். செல் அதை எடுத்துப் புரதத்தில் கோத்துவிடும். சில நாள், சில வாரம் காத்திருந்து, நரம்பை எடுத்துச் சில மில்லிமீட்டர் நீளத் துண்டுகளாக, கீரைத்தண்டு நறுக்குவது போல வரிசையாக நறுக்குவார்கள். ஒவ்வொரு துண்டின் புரதத்தையும் மின்சாரம் வைத்து ஜெல்லில் ஓடவிட்டால், புரதங்கள் பிரிந்து தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். எந்தத் துண்டில் பட்டை மிக அடர்ந்திருக்கிறதோ அங்கே, அலை மாதிரி நகர்ந்து போகும் அந்தப் புரதக் கூட்டத்தின் உச்சி. உச்சி ஒரு நாளில் நகர்ந்த தூரம் வேகம்; பட்டையின் அடர்த்தி அளவு. இவை தனித்தனி. பால் ஹாஃப்மனும் ரேமண்ட் லாசெக்கும் 1975-ல் நியூரோஃபிலமென்டின் மூன்று புரதங்களை அடையாளம் கண்டது இந்த வகை வேலையில்தான்.

காயத்துக்குப் பிறகு பட்டைகளைப் பார்த்தால், எல்லாம் கூடியிருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். டியூபுலினும் ஆக்டினும் கூடும். சாதாரண நாளில் தேடினாலும் சரியாகத் தெரியாத ஜிஏபி-43 என்ற புரதம் பல மடங்கு பெருகி விரைவுக் கூட்டத்தில் கிளம்பும். நியூரோஃபிலமென்டோ குறைந்துவிடும். வீடு இடிந்தபோது யாரும் தேக்குக் கதவு வாங்கப் போவதில்லை. முதலில் சாரம் கட்ட மூங்கில் வேண்டும். நியூரோஃபிலமென்ட் குறைவதால் இழை மெலியும். அந்த மெலிவு செல் பக்கத்தில் தொடங்கி, நியூரோஃபிலமென்ட் நகரும் அதே வேகத்தில் காயத்தை நோக்கி இறங்குகிறது. காயத்திலிருந்து கெடுதல் மேலே ஏறுகிறது என்று எழுதினால் திசையே தலைகீழ்.

தேங்கல் விஷயத்திலும் கவனம் வேண்டும். 1948-ல் பால் வைஸும் ஹெலன் ஹிஸ்கோவும் நரம்பை இறுக்கிப் பார்த்தபோது, இறுக்கத்துக்கு மேல்பக்கம் இழைகள் வீங்கி நின்றன. இழைக்குள் சரக்கு நகர்கிறது என்பதற்கு அது பெரிய சான்று. ஆனால் ஓரிடத்தில் புரதம் குவிந்திருப்பதைக் கண்டதும் ‘போக்குவரத்து அதிகரித்தது’ என்று எழுதிவிடக் கூடாது. சுங்கச்சாவடியில் வரிசை நீண்டால் வண்டி கூடியது என்றும் சொல்லலாம், சாவடி மூடியது என்றும் சொல்லலாம். தலையில் அடிபட்டு இறந்தவர் மூளையில் அமைலாய்டு முன்னோடிப் புரதம் குவிந்திருப்பதைத் தடயவியல் மருத்துவர்கள் தேடுவது, இழையில் வழி அடைபட்டதன் அடையாளமாகத்தான்.

இறுக்கத்தின் கீழ்ப்பக்கமும் தேங்கும் என்பது பலருக்கு மறந்துவிடுகிறது. கைனேசின் என்ற மோட்டார் புரதம் சரக்கை முனைக்கு இழுத்துப் போகிறது என்றால், டைனீன் என்ற இன்னொரு மோட்டார் புரதம் முனையிலிருந்து செல்லுக்கு இழுத்து வருகிறது. ‘இங்கே அறுந்துவிட்டது’ என்ற செய்தியில் ஒரு பங்கு இந்த வண்டியில்தான் வருகிறது. காயம்பட்ட இடத்திலேயே இம்போர்ட்டின் பீட்டா என்ற புரதம் புதிதாகத் தயாராகி, டைனீனில் தொற்றிக்கொண்டு செல்லின் உட்கரு வரை போகிறது.

துண்டான கீழ்ப்பகுதி பட்டினியால் சாகிறது என்ற பழைய விளக்கத்தையும் விட்டுவிடலாம். 1850-ல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டி, கீழ்ப்பகுதி சிதைவதைக் காட்டினார். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பட்டினி விளக்கமே நின்றது. 1989-ல் ஓர் ஆய்வில் வெளிவந்த எலி வகை அதைக் கலைத்தது: நரம்பை வெட்டினாலும் கீழ்த்துண்டு இரண்டு வாரத்துக்கு மேல் அழியாமல் இருந்தது. இன்று தெரிவது இது: என்எம்நாட்-2 என்ற புரதம் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும், செல்லிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். வரத்து நின்றதும் சார்ம்-1 என்ற புரதம் விழித்துக்கொண்டு இழையை உள்ளிருந்தே அழிக்கிறது. சார்ம்-1 இல்லாத எலியில் கீழ்த்துண்டு வாரக்கணக்கில் நிற்கிறது.

கை நரம்பில் பார்த்த இந்த எண்களைத் தண்டுவடத்துக்கும் பார்வை நரம்புக்கும் அப்படியே தூக்கிப் போடாதீர்கள். அங்கே வளர்ச்சியைத் தடுக்கும் சூழலும் உண்டு, செல்லின் பதிலும் மந்தம்.

கடைசியாக, தட்டிப் பார்க்கும் சோதனை. நரம்பு போகும் பாதையில் விரலால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் விரல் நுனி வரை சுரீர் என்று மின்சாரம் அடித்த மாதிரி இருக்கும். வளரும் இழைகளின் முனை வந்து நிற்கும் இடம் அது. 1915-ல் பிரான்சில் ஜூல்ஸ் டினெலும் ஜெர்மனியில் ஹாஃப்மன் என்ற வேறொரு மருத்துவரும் போர்க் காயங்களில் தனித்தனியாகக் கண்டு எழுதியது. மாதம் ஒருமுறை அந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, ஸ்கேலால் அளந்து, தேதி போட்டு வைக்கலாம். சில இழைகள் மட்டும் முந்திப் போயிருந்தாலும் சுரீர் என்னும்; மற்றவை தையலிலேயே சிக்கிக் கிடக்கலாம். மேலும் இந்தச் சோதனை உணர்வு இழைகளின் முனையைத்தான் காட்டும். கட்டைவிரல் தசைக்குப் போகும் இழைகள் போய்ச் சேர்ந்தனவா என்பது, விரலை அசைக்கச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.