வாசலில் நின்று சொல்ல வேண்டிய சீன வார்த்தைகள்

சீனாவின் செங்டு நகரத்தில் வேலை பார்த்தபோது யாராவது வீட்டுக்கு அழைத்தால் பழப் பெட்டியோடு போய்விடுவேன். வாசலில்தான் பேச்சு வராது. "லாய் ஜியூ லாய் ல, ஹாய் தாய் ஷென்ம தோங்ஷி" என்பார்கள் வீட்டுக்காரர்கள். வந்ததே போதும், இதெல்லாம் எதற்கு என்று அர்த்தம். தனி வாக்கியங்களாக மனப்பாடம் செய்தது அங்கே உதவவில்லை.

அப்புறம் பக்கத்து வீட்டு அம்மாவோடு பேச்சும் பதிலுமாகவே பழகினேன். இரண்டு கைகளாலும் நீட்டி, "யீதியேன் ஷியாவ் யீஸ" (ஏதோ சின்னதாக) என்று சொல்ல வேண்டும். மறுப்பார்கள், அது மரியாதைக்கு. இன்னொரு முறை நீட்டினால் "தாய் கெச்சி ல" (ரொம்ப மரியாதை காட்டுகிறீர்கள்) என்று வாங்கிக்கொள்வார்கள். அதற்கு "யிங்காய் த" (செய்ய வேண்டியதுதானே) போதும். பெரும்பாலும் நம் முன்னால் பிரிக்க மாட்டார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.