பறவைத் தீவனத் தட்டில் நோய் பரவாமல் தடுப்பது எப்படி?

காட்டில் சிதறி இரை தேடும் பறவைகள் நம் தீவனத் தட்டில் நெருக்கியடித்து உட்காருகின்றன. ஒன்றின் எச்சமும் எச்சிலும் இன்னொன்றின் வாய்க்குள் போவது அங்கேதான். சால்மோனெல்லா என்ற பாக்டீரியா எச்சம் வழியே பரவும். புறா, குருவிகளின் தொண்டையைப் புண்ணாக்கி விழுங்கவிடாமல் செய்யும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி எச்சில் வழியே பரவும்.

தேவையானவை: ரப்பர் கையுறை, பிரஷ் (குழாய் வடிவத் தீவனப்பெட்டி என்றால் பாட்டில் பிரஷ்), இதற்கென்றே ஒரு வாளி, பாத்திரம் கழுவும் சோப்பு, வாசனை சேர்க்காத திரவ பிளீச் (துணி வெளுக்கும் குளோரின் கரைசல்). சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். சால்மோனெல்லா மனிதருக்கும் தொற்றும்.

1. மிச்சமுள்ள தீவனத்தைக் கொட்டிவிடுங்கள். கட்டிதட்டியது, பூஞ்சை வாடை அடிப்பது எதையும் திரும்பப் போடாதீர்கள். பூஞ்சை பறவையின் நுரையீரலைத் தாக்கும்.

2. பாகங்களைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். பலர் இதைத் தாண்டி நேரே பிளீச்சுக்குப் போய்விடுகிறார்கள். காய்ந்த எச்சம் ஒட்டியிருந்தால் பிளீச்சின் வீரியம் அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும், கிருமிக்கு ஒன்றும் ஆகாது.

3. 100 மி.லி. பிளீச்சுடன் 900 மி.லி. குளிர்ந்த நீர் கலந்து, பாகங்கள் முழுதும் மூழ்க 10 நிமிடம் ஊறவையுங்கள். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யுங்கள். வினிகரை இதோடு கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும்.

4. பிளீச் வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

5. முழுக்கக் காயவிடுங்கள். அவசரத்தில் கோட்டைவிடுவது இங்கேதான். ஈரத்தில் தீவனம் போட்டால் அடியில் ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும். ட்ரைக்கோமோனாஸோ காய்ந்த இடத்தில் பிழைக்காது. ஆக, வெயில் இலவச மருந்து. மரத்தட்டின் விரிசலில் ஈரம் தங்குவதால் பிளாஸ்டிக்கோ உலோகமோ மேல்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். மழைக்காலத்திலும் கூட்டம் அதிகமானாலும் வாரம் ஒருமுறை. தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் தினமும் தேய்த்து நீர் மாற்றுங்கள், கொசுவும் வளராது. தட்டுக்கு அடியில் சிந்தியதைக் கூட்டி அள்ளுங்கள், தரையில் மேயும் பறவைகளுக்கு எச்சம் கலந்த தீவனம் கிடைப்பது அங்கேதான். ஒரே நாளில் தீரும் அளவே போடுங்கள்.

இறகைச் சிலிர்த்து உப்பிக்கொண்டு, கிட்டே போனாலும் பறக்காத பறவை, வீங்கிய கண், அலகோரம் கொப்புளம் தென்பட்டால், தீவனத்தையும் தண்ணீரையும் குறைந்தது இரண்டு வாரம் எடுத்துவிடுங்கள். பட்டினி கிடக்குமே என்ற கவலை வேண்டாம். அவற்றுக்கு வேறு இரை தேடத் தெரியும். செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். பல பறவைகள் அடுத்தடுத்து செத்தால் கால்நடைத் துறைக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.