ஸ்கூட்டர்தானே என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

பைக்கை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிளட்ச், கியர், பாதி வழியில் வண்டி நின்றுபோகிற அவமானம் எல்லாம் பட்டுத்தான் அது கைக்கு வரும். ஸ்கூட்டருக்கு அந்தக் கட்டமே இல்லை. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் சாவியைப் போட்டு முறுக்கினால் வண்டி போகிறது. அம்மா மார்க்கெட்டுக்கு, மகள் காலேஜுக்கு, ரிட்டையர் ஆன அப்பா பேங்குக்கு என்று வீட்டில் எல்லோரும் மாறி மாறி எடுக்கிறார்கள். இந்தச் சுலபத்தில்தான் சிக்கலே. நூறு கிலோவைத் தாண்டிய இரும்பு, கேட்டால் அறுபது எழுபது வேகத்தில் பாயக்கூடியது என்ற நினைப்பு போய், அது ஒரு வீட்டுச் சாமானாகிவிடுகிறது. சாலைப் பாதுகாப்பு பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை பைக்கை மனதில் வைத்தே சொல்லப்படுகின்றன. ஸ்கூட்டருக்கென்று தனித் தவறுகள் இருக்கின்றன.

முதலில் பிரேக். நம் ஊரில் ஸ்கூட்டர் ஓட்டுபவர்களில் பலர் இடது கை பிரேக்கை மட்டும் பிடித்தே காலத்தை ஓட்டுகிறார்கள். "முன் பிரேக்கைப் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்" என்று கற்றுக்கொடுத்தவரே சொல்லியிருப்பார். வலது கையோ ஆக்சிலேட்டரில் இருக்கிறது, அது பிரேக் பக்கம் போவதே இல்லை. ஆனால் வண்டி நிற்க ஆரம்பிக்கும்போது எடை முழுக்க முன்பக்கம் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிவிடும். அந்த நேரத்தில் பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் சுற்றாமல் நின்று, ரோட்டில் தேய்த்துக்கொண்டே ஒரு பக்கம் இழுக்கும். வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான்.

2019 ஏப்ரலில் 125 சிசி வரையுள்ள புது வண்டிகளில் கூட்டு பிரேக் கட்டாயமாக்கப்பட்டது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இடது லீவரைப் பிடித்தாலே முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் பிரேக் போகும். கொஞ்சம்தான். முழு பலம் வேண்டுமானால் இரண்டு லீவரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், வெடுக்கென்று இல்லாமல் படிப்படியாக இறுக்க வேண்டும். முன் பிரேக் கவிழ்த்துவிடும் என்ற பயத்திலும் ஒரு உண்மை உண்டு. ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ, மணலிலோ, ஈரத்திலோ முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி படுத்துவிடும். எனவே வளைவுக்குள் போன பிறகு பிரேக் தேடக் கூடாது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானம் ஒன்றில், முப்பது வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் போதும், கைக்குப் பழகிவிடும். வண்டி வாங்கி எத்தனை வருஷமானாலும் இதை ஒரு முறைகூடச் செய்யாதவர்களே அதிகம்.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் போகிறது. அறுபதில் கிட்டத்தட்ட 17 மீட்டர். நாய் குறுக்கே வருவதைக் கண் பார்த்து, மூளை சொல்லி, கை லீவரைப் பிடிக்க எப்படியும் ஒரு வினாடி ஆகிவிடும். அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே ஒரு பஸ் நீளம் கடந்திருக்கும். முன்னால் போகிற காரின் டிக்கியை ஒட்டிக்கொண்டே போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம்.

மலைப் பாதையில் இன்னொரு தவறு. பைக்கில் கியரைக் குறைத்து எஞ்சின் இழுவையில் இறங்கலாம். ஸ்கூட்டரில் அந்த வசதி மிகக் குறைவு. வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விடுபட்டுவிடும், அப்புறம் வண்டி உருளத்தான் செய்யும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால், பிரேக் டிரம் சூடேறி ஒரு கட்டத்தில் லீவரைப் பிடித்தாலும் வண்டி கேட்காது. விட்டு விட்டுப் பிடியுங்கள், நடுவில் நிறுத்தி ஆறவிடுங்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

சின்னச் சக்கரம், பெரிய பள்ளம்

பைக்குக்கு 17, 18 அங்குல சக்கரம். ஸ்கூட்டருக்கு 10 அல்லது 12. பைக் ஏறி இறங்கிவிடுகிற பள்ளத்தில் ஸ்கூட்டரின் முன் சக்கரம் இறங்கி மாட்டிக்கொள்ளும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சென்னைத் தெருக்களில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முன்னால் ஆட்டோவோ பஸ்ஸோ போனால் அதன் சக்கரம் போன தடத்திலேயே போவது நல்லது. தண்ணீரைச் சுற்றிப் போக ஓரமாக ஒதுங்குவதுதான் பலர் செய்வது. ஆனால் மழைநீர் வடிகாலும், வெட்டி மூடாமல் விட்ட குழியும் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

ஓரம் என்றதும் ஒன்று. தார் ரோடு முடிந்து மண் தொடங்கும் இடத்தில் பல ஊர்களில் நாலைந்து விரல் உயரத்துக்குப் படி மாதிரி இருக்கும். மேலே மேலே தார் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போனதன் பலன். பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கிறது என்று மண்ணில் இறங்குகிறோம். இறங்கியது பிரச்சினை இல்லை. பஸ் போனதும் அப்படியே சாய்வாக ரோட்டுக்கு ஏறப் பார்க்கிறோமே, அங்கேதான் சின்னச் சக்கரம் விளிம்பில் உரசிக்கொண்டே போய், ஏறாமல், ஆளை ரோட்டின் பக்கம் தள்ளிவிடும். பின்னால் அடுத்த வண்டி வந்துகொண்டிருக்கும். வேகத்தை நடை அளவுக்குக் குறைத்து, ஹேண்டிலை நன்றாகத் திருப்பி, விளிம்பை நேருக்கு நேராக ஏற வேண்டும். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தையும் இப்படித்தான் நேராகக் கடக்க வேண்டும்.

முதல் மழையில் எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதந்து ரோடு வழுக்கும். சாலையின் வெள்ளைக் கோடுகள், மேம்பாலத்தின் இரும்பு இணைப்புகள், சாக்கடை மூடிகள் எல்லாம் நனைந்தால் வழுக்கும் இடங்கள். அறுவடைக் காலத்தில் டெல்டா பக்கம் போனால் ரோட்டின் பாதியில் நெல் காயும். நெல்லைவிட அதைச் சுற்றி வரிசையாக வைத்த கற்கள் மோசம். நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள், கல் அங்கேயே கிடக்கும்.

டயரில் காற்று இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்ப்பது ஒரு சோதனையே இல்லை. ஆக்டிவா மாதிரியான வண்டிக்கு முன்னால் 22, பின்னால் 29, பின்னால் ஆள் ஏறினால் 36 பி.எஸ்.ஐ. என்று அளவு உண்டு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். டயர் சூடாகும் முன் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும், ஆகவே வீட்டுக்குப் பக்கத்து பங்கே மேல்.

கால் வைக்கும் இடமும் அதில் நிற்கும் குழந்தையும்

ஃபுட்போர்டு காலியாக இருப்பதைப் பார்த்தால் நமக்குப் பொறுக்காது. கேஸ் சிலிண்டர், இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை, தண்ணீர் கேன் எதையாவது ஏற்றிவிடுகிறோம். அப்புறம் கால் வைக்க இடமில்லாமல் இரண்டு காலையும் சிறகு மாதிரி வெளியே விரித்துக்கொண்டு போகிறோம். ஹேண்டில் முழுக்கத் திரும்பாது. பக்கத்தில் வருகிற ஆட்டோவின் ஓரம் முட்டியைத் தட்டினாலே போதும்.

அதைவிடப் பயம் தருவது முன்னால் நிற்கும் குழந்தை. திடீரென்று பிரேக் பிடித்தால் குழந்தையின் முகம் மோதுவது ஸ்பீடோ மீட்டரில். இன்னொன்று வண்டி நிற்கும்போதே நடக்கும். கடை வாசலில் நிறுத்துகிறோம், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. "அண்ணே, ஒரு பால் பாக்கெட்" என்று திரும்பிக் கையை நீட்டுகிறோம். குழந்தையின் கைக்கு நேர் எதிரே இருப்பது ஆக்சிலேட்டர். அப்பா முறுக்குவதைத் தினமும் பார்க்கிற பிள்ளை, முறுக்குகிறது. ஒரு கையால் பிடித்திருக்கும் வண்டி கடைக்குள்ளேயோ ரோட்டுக்கோ பாய்கிறது. ஓட்டுபவரின் கால் தரையில் பட்ட அடுத்த நொடி சாவி அணைந்திருக்க வேண்டும், அது பத்து வினாடி நிறுத்தமாக இருந்தாலும் சரி.

2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை, ஓட்டுபவருடன் இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் அளவான ஹெல்மெட்டும் போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும், வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது. நான்கு வயதைக் கடந்தால் பெரியவர்களைப் போலவே ஹெல்மெட் கட்டாயம். பள்ளிக்கூட வாசலில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால் இந்த விதி பற்றி யாருக்காவது தெரியுமா என்ற சந்தேகம் வரும்.

பின்னால் உட்காரும் பெண்கள் துப்பட்டாவையும் முந்தானையையும் சொருகிக்கொண்டுதான் ஏற வேண்டும். "அக்கா, ஷால்... ஷால்!" என்று கத்தியபடி யாராவது பக்கத்தில் வண்டியில் வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் கத்தலுக்கும் சக்கரம் துணியை இழுத்துக் கழுத்தை இறுக்குவதற்கும் இடையில் சில வினாடிகள்தான் இருக்கும். பின் சக்கரத்தின் பாதியையாவது மூடுகிற சேலை தடுப்பு வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. அழகு போகிறது என்று அதைக் கழற்றுகிறார்கள்.

எங்கே போகிறோம் என்பதைவிட எங்கே நிற்கிறோம்

ஸ்கூட்டர் சின்னது, எந்த இடுக்கிலும் நுழையும். சிக்னலில் லாரியின் இடது பக்கம் கிடைத்த சந்தில் போய் நிற்பதுதான் அந்த இடுக்குகளிலேயே மோசமானது. டிரைவருக்கு நீங்கள் அங்கே இருப்பதே தெரியாது. லாரி இடதுபக்கம் திரும்பும்போது அதன் முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் உங்களைத் தாண்டிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது பின்பக்கம் வந்து சேரும். சிக்னலில் லாரிக்குப் பின்னாலேயே நின்றுவிடுங்கள், போகிற காலம் அரை நிமிஷம். நிறுத்தத்தில் நிற்கிற பஸ்ஸை இடப்பக்கம் கடப்பதும் இந்த ரகம்தான், இறங்குகிறவர் யாரும் பின்னால் பார்த்துவிட்டு இறங்குவதில்லை.

ரைட்டு எடுப்பது அடுத்தது. ரோட்டின் இடது ஓரத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்து, தெரு வந்ததும் இண்டிகேட்டர் போட்ட கையோடு குறுக்கே வெட்டுவது ஸ்கூட்டர்காரர்களின் முத்திரை ஆகிவிட்டது. இண்டிகேட்டர் ஒரு அறிவிப்பு, அனுமதிச் சீட்டு இல்லை. ஐம்பது மீட்டர் முன்பே போட்டு, கண்ணாடியைப் பார்த்து, தலையையும் ஒரு தரம் திருப்பிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்து திரும்ப வேண்டும். கண்ணாடியில் பின்னால் வரும் ரோடு தெரிய வேண்டும், நம் முகம் இல்லை. திரும்பி முடித்ததும் இண்டிகேட்டரை அணைக்க மறந்து ஒரு மைல் போகிறவர்களும் உண்டு.

யூ-டர்ன் தூரமாக இருக்கிறது என்று சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் போவது சென்னையின் ஜி.எஸ்.டி. ரோட்டிலும் ஓ.எம்.ஆரிலும் தினசரிக் காட்சி. ஓரமாகத்தானே போகிறோம் என்பது சமாதானம். பக்கத்துத் தெருவிலிருந்து மெயின் ரோட்டில் ஏறுபவர் வலது பக்கம் மட்டுமே பார்ப்பார், வண்டி வரவேண்டிய பக்கம் அதுதானே. நீங்கள் வருவது இடது பக்கம்.

ஹெல்மெட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும், ஸ்ட்ராப் மாட்டியிருக்க வேண்டும். ஸ்ட்ராப் போடாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே தனியாகப் பறந்துவிடும். அபராதம் ஆயிரம் ரூபாய், பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து. போலீஸ் நிற்கும் முனையில் மட்டும் தலையில் ஏறி, தாண்டியதும் கை முட்டிக்குப் போகிற ஹெல்மெட் முட்டியைத்தான் காப்பாற்றும். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் சொருகிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கை சும்மா இருக்கிறது, கவனம் எங்கேயோ இருக்கிறது.

பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளையிடம் "டியூஷனுக்குத்தானே" என்று சாவியைக் கொடுக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டியது. பதினாறு வயதில் லைசென்ஸ் கிடைக்கும் என்பது பாதி உண்மை. அது 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கு. வீட்டில் நிற்கும் 110 சிசி ஸ்கூட்டருக்குப் பதினெட்டு ஆக வேண்டும். 2019 திருத்தச் சட்டப்படி, சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆர்.சி. ஒரு வருஷத்துக்கு ரத்தாகும், பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

விபத்து நடந்தே விட்டால் 108. மயங்கிக் கிடப்பவரின் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தில் அடி இருந்தால் அது கேடாகும். மூச்சுத் திணறினால் ஒருவர் கழுத்தையும் தலையையும் அசையாமல் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் மெதுவாகக் கழற்ற வேண்டும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை, வரம்புக்கு உட்பட்டு, அரசே ஏற்கிறது. கொண்டுபோய்ச் சேர்த்தவரைப் போலீஸ் கட்டாயப்படுத்திப் பெயர், விலாசம் கேட்க முடியாது.

சும்மா சறுக்கி விழுந்த வண்டி என்றால், தூக்கும் முன் சாவியை அணையுங்கள். எழுப்புகிற அவசரத்தில் கை பிடிப்பது பெரும்பாலும் ஆக்சிலேட்டரைத்தான், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் வண்டி தூக்குகிறவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும். நிமிர்த்திய பிறகு பிரேக் லீவர் வளைந்திருக்கிறதா, ஹேண்டில் நேராக இருக்கிறதா, ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் மெக்கானிக் ஷெட் வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.