முன்பின் தெரியாத ஆறு பேர், ஒரு பாய்மரப் படகு: ஒரு வாரம் ஒட்டிப்போவது எப்படி?

குரோஷியாவின் ஸ்பிளிட் நகரில் கோடைக்காலச் சனிக்கிழமை என்றால் படகுத்துறை முழுக்கப் பைகளும் மளிகைச் சாமான்களுமாக இருக்கும். வாரப் படகுகள் அன்றுதான் ஆள் மாறும். மாலை 5 மணிவாக்கில் ஏறினால், அடுத்த வெள்ளி மாலை அதே துறைக்குத் திரும்பி, சனி காலை இறங்கவேண்டும். முழுப் படகையும் வாடகைக்கு எடுக்க வசதியோ ஆளோ இல்லாதவர்கள் ஒரு கேபினை மட்டும் பதிவு செய்யலாம். மற்ற கேபின்களில் யார் வருவார்கள் என்பது ஏறும்போதுதான் தெரியும்.

இந்த விளக்கத்துக்கு 45 அடிப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு கேபின், இரண்டு டாய்லெட். ஒரு கேபின் படகை ஓட்டும் ஸ்கிப்பருக்கு, மீதி மூன்றில் ஆறு பயணிகள். நீளம் 14 மீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த இடத்தில் ஏழு பேர் ஒரு வாரம் இருக்கப்போகிறீர்கள். அறிமுக விளையாட்டுகள், "உங்களைப் பற்றி மூன்று விஷயம் சொல்லுங்கள்" போன்றவை இங்கே பெரிதாக உதவாது. சேர்ந்து கயிறு பிடித்தவர்களும் சேர்ந்து பாத்திரம் கழுவியவர்களும் தானாகவே பழகிவிடுவார்கள். பழக்கத்தைக் கெடுப்பவை மூன்று: பணம், டாய்லெட், தூக்கம். அந்த மூன்றையும் முதல் நாளே பேசி முடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: பதிவு செய்யும் முன் கேட்கவேண்டியவை

தனியாக வருபவரை யாருடன் ஒரே கேபினில் போடுவார்கள்? முழுக் கேபினும் வேண்டுமென்றால் கூடுதலாக எவ்வளவு? இரவு முழுக்கப் பாட்டுக் கச்சேரி நடக்கும் படகா, பத்து மணிக்கு அடங்கும் படகா? பயணிகளின் வயது ஏறக்குறைய என்ன? கட்டணத்தில் சாப்பாடு, டீசல், துறைக் கட்டணம் அடக்கமா? இவ்வளவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இருபத்திரண்டு வயதுக்காரர்களின் கொண்டாட்டப் படகில் தெரியாமல் ஏறிவிட்டு, அவர்களோடு ஒட்டவில்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

குரோஷியா 2023 ஜனவரி 1 முதல், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. நாணயமும் அன்றிலிருந்து யூரோதான். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

படி 2: குழுவுக்கு ஒரே ஒரு நல்ல மெசேஜ்

புறப்பட இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது வாட்ஸாப் குழு ஒன்று தொடங்கச் சொல்லுங்கள். வாழ்க்கை வரலாறு வேண்டாம். மற்றவர்களுக்குப் பயன்படும் தகவலை மட்டும் அனுப்புங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டியிருக்கும், சாரம் இப்படி இருக்கட்டும்:

"நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். நிலக்கடலை ஒத்துக்காது. நீச்சல் சுமார்தான். குறட்டை உண்டு, காதுக்கு அடைப்பான் நானே கொண்டுவருகிறேன். சனி மதியம் 2 மணிக்கே வந்துவிடுவேன், கடைக்குப் போக ஆள் வேண்டுமானால் நான் இருக்கிறேன்."

குறட்டையை நீங்களே சொல்லிவிட்டால் மற்றவர்களும் தங்கள் தொந்தரவுகளைச் சொல்லத் துணிவார்கள். நீச்சல் விவரத்தை மறைக்கவே கூடாது. ஸ்கிப்பருக்கு அது பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட விஷயம்.

பை துணிப்பையாக இருக்கவேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை மடக்க முடியாது, வைக்கப் படகில் இடமும் கிடையாது. அது வாரம் முழுக்கக் கேபின் நண்பரின் காலடியில் கிடக்கும். பருப்புப்பொடி, மிளகாய்ப்பொடி கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய் என்று எதையாவது யோசித்தால், வேண்டாம்: வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை.

படி 3: முதல் மாலையில் பணப் பேச்சு

இதில் கொஞ்சம் நின்று நிதானமாகச் செய்யவேண்டும். கசப்பு வந்தால் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும்.

ஆளுக்கு 150 யூரோ ரொக்கம் போட்டால் ஆறு பேருக்கு 900. இதுதான் பொதுப்பணம். காலை, மதிய உணவுச் சாமான், குடிநீர், துறைக் கட்டணம், டீசல், ஸ்கிப்பரின் சாப்பாடு எல்லாம் இதிலிருந்து போகும். ஸ்கிப்பருக்குச் சாப்பாடு போடுவது பயணிகளின் பொறுப்பு என்பது இந்தத் தொழிலில் வழக்கம். தெரியாதவர்கள் மூன்றாம் நாள் முகம் சுளிப்பார்கள், ஆகவே முன்பே சொல்லிவிடுங்கள். கோடை உச்சத்தில் பால்மிஷானா போன்ற மரினாவில் (படகுகள் இரவு தங்கும் கட்டணத் துறை) இந்த அளவுப் படகுக்கு ஓர் இரவுக்கு 100 யூரோவைத் தாண்டும் என்பதால், வார நடுவில் இன்னொரு 50 போடவேண்டி வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மது இந்தக் கணக்கில் வரவே கூடாது. குடிப்பவர்கள் தனியாக ஒரு பணப்பை வைத்துக்கொள்ளட்டும். குடிக்காதவர் தன் பணத்தில் அடுத்தவர் பியர் வாங்குவதை முதல் நாள் பெருந்தன்மையாக விட்டுவிடுவார், ஐந்தாம் நாள் விடமாட்டார். ஒருவர் பணத்தை வைத்திருக்க, வேறொருவர் கணக்கை எழுதட்டும். ஒவ்வொரு ரசீதையும் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டால் யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

பிறகு கடை. எல்லோரும் போகாதீர்கள், ஆறு பேர் சூப்பர் மார்க்கெட்டில் நின்று எந்தச் சீஸ் என்று விவாதித்தால் இரவாகிவிடும். மூன்று பேர் போனால் போதும், மீதிப் பேர் படகில் சாமான்களை அடுக்கட்டும். குடிநீர் ஆளுக்கு நாளைக்கு 2 லிட்டர் என்றால் ஏழு பேருக்கு 14 லிட்டர், மூன்று நாளைக்கு 42. ஒன்றரை லிட்டர் பாட்டில் ஆறு கொண்ட கட்டு 9 லிட்டர், ஆகவே 5 கட்டு. அதற்கு மேல் வாங்காதீர்கள். தீவுகளிலும் கடை உண்டு, படகில் வைக்க இடமில்லை.

படி 4: டாய்லெட்டைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள்

பெரும்பாலும் கைப்பம்பு வைத்த டாய்லெட்தான். நெம்பை "நீர்" பக்கம் வைத்துப் பத்துப் பதினைந்து முறை அடிக்கவேண்டும்; பிறகு "உலர்" பக்கம் திருப்பிக் கிண்ணம் காலியாகும்வரை அடிக்கவேண்டும். ஆண்களும் உட்கார்ந்துதான் போகவேண்டும், ஆடும் படகில் வேறு வழியில்லை. காகிதம், ஈரத்துடைப்பான், நாப்கின் எதுவும் உள்ளே போகக்கூடாது. குழாய் குறுகலானது, அடைத்துக்கொண்டால் ஸ்கிப்பர் கையால்தான் பிரிக்கவேண்டும். அன்றைக்கு அந்தப் படகில் யார் முகத்திலும் சிரிப்பு இருக்காது. மூடியிட்ட குப்பைத்தொட்டி உள்ளே இருக்கிறதா என்று முதல் மாலையே பாருங்கள்.

நன்னீர்த் தொட்டி 400 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு நாளைக்கு ஒருமுறை நிரப்பினாலும் ஆளுக்கு நாளைக்கு 30 லிட்டர்கூட வராது. பாத்திரம் கழுவுவது, பல் தேய்ப்பது எல்லாம் அதற்குள்தான். ஆகவே கடலில் முங்கி எழுந்து, பின்தட்டில் இருக்கும் கைக்குழாயில் அரை நிமிடம் உப்பை அலசிக்கொண்டால் குளியல் முடிந்தது. தலைக்கு ஊற்றிக் குளிக்கும் ஆசையை மரினாக் குளியலறைக்கு ஒத்திவையுங்கள்.

படி 5: கயிறு வேலைக்குப் பெயர் சொல்லி ஆள் பிரியுங்கள்

படகைப் பின்பக்கமாகக் கரையில் சேர்த்துக் கட்டுவதுதான் இந்தக் கடற்கரையின் வழக்கம். அந்தப் பத்து நிமிடம் ஒரு குழுவைச் சேர்த்துவைக்கும், அல்லது பிரித்துவிடும். வேலை இப்படிப் பிரியும்: பின்பக்க இரண்டு மூலையிலும் கயிற்றோடு ஒவ்வொருவர். கரைச்சுவரிலிருந்து கடலடிக்குப் போகும் கட்டுக்கயிற்றைக் கொக்கிக்கம்பால் தூக்கி, படகின் முன்முனைவரை நடந்து இழுத்துக் கட்ட ஒருவர். பக்கத்துப் படகில் உரசாமல் காற்றடைத்த ஃபெண்டரை நகர்த்திப் பிடிக்க ஒருவர். மீதி இருவர் ஸ்கிப்பரின் பார்வையை மறைக்காமல் உட்கார்ந்திருப்பதே பெரிய உதவி. அடுத்த துறையில் இடம் மாறிக்கொள்ளலாம்.

காற்று வரும் பக்கத்துப் பின்கயிற்றை முதலில் கரைக்குக் கொடுக்கவேண்டும். கடலடிக் கயிற்றைத் தளரவிட்டால் அது படகை உந்தும் விசிறியில் (புரொப்பல்லரில்) சுற்றிக்கொள்ளும், மூழ்கிப்போய்த்தான் அறுக்கவேண்டும். அதில் சேறும் சிப்பியும் ஒட்டியிருக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை டன் படகு என்பதை மறந்து காலை நீட்டிச் சுவரை உதைத்துத் தடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு, கால் போய்விடும்.

ஸ்கிப்பர் சத்தம் போடுவார். எஞ்சின் ஓசையும் காற்றும் சேர்ந்தால் 14 மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சாதாரணக் குரல் கேட்காது, அவ்வளவுதான். கட்டி முடித்ததும் "அந்தக் கயிற்றைச் சரியாகப் பிடித்தீர்கள்" என்று பக்கத்திலிருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாலைப் பேச்சு அங்கிருந்தே தொடங்கிவிடும்.

படி 6: அடுப்பங்கரை ஜோடி

காலையும் மதியமும் படகில், இரவு கரையில் என்று வைத்துக்கொண்டால் செலவும் வேலையும் அளவாக இருக்கும். ஆறு பேரும் மூன்று ஜோடி. ஒரு ஜோடி காலை உணவு, ஒன்று மதியம், ஒன்று பாத்திரம். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஜோடியைக் கலைத்துவிட்டால் வாரத்துக்குள் ஒவ்வொருவரும் மூன்று பேரோடு வேலை செய்திருப்பார்கள். நண்பர்களாக, தம்பதியாக வந்தவர்களை வேண்டுமென்றே பிரித்துப் போடுங்கள். இல்லையென்றால் அவர்கள் தனித்தீவாகிவிடுவார்கள். படகில் இரண்டு தமிழர் இருந்தாலும் இதே கதைதான். சாப்பாட்டு மேசையில் தமிழில் பேசிச் சிரித்தால், எதிரே இருப்பவர் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பார்.

சமையலைப் படகு நங்கூரத்தில் நிற்கும்போதே முடியுங்கள். முடிந்ததும் கேஸ் வால்வை மூடவேண்டும். கசிந்த வாயு காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கொனோபா எனப்படும் உள்ளூர் உணவகங்கள். இரும்பு மூடிக்கு மேல் தணல் கொட்டி வேகவைக்கும் பேகா என்ற உணவு வேண்டுமானால் பல மணிநேரம் முன்பே சொல்லிவைக்கவேண்டும், ஒரு ஆளுக்கு மட்டும் செய்யமாட்டார்கள். ஆகவே காலையிலேயே கை தூக்கச் சொல்லி முடிவெடுங்கள். சைவர்களுக்கு உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்த பிளித்வா கீரை எங்கும் கிடைக்கும். கறுப்பு ரிசோட்டோவைப் பார்த்து ஏமாறவேண்டாம், அந்தக் கறுப்பு கணவாய் மை.

படி 7: குமட்டல் வந்தவரை என்ன செய்வது

கீழே கேபினுக்கு அனுப்பாதீர்கள், அங்கேதான் மோசமாகும். மேலே உட்காரவைத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கிப்பர் சம்மதித்தால் சுக்கான் சக்கரத்தைக் கையில் கொடுங்கள். ஓட்டுபவருக்குக் குமட்டல் குறையும். வெங்காயம் நறுக்கும் முறை அவருடையதாக இருந்தால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி வந்தால் காற்று போகும் பக்கமாகத்தான், ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள. மாத்திரை போடுவதானால் மருத்துவரிடம் முன்பே கேட்டு, புறப்படும் முன்பே போடவேண்டும். வந்தபின் போட்டால் வயிற்றில் நிற்காது. செல்போனில் படம் எடுப்பவரை மட்டும் தடுத்துவிடுங்கள்.

படி 8: தனிமையும் தூக்கமும்

பின்பக்கக் கேபின்களின் சிறு ஜன்னல் பெரும்பாலும் எல்லோரும் உட்காரும் இடத்துக்கே திறக்கும். நள்ளிரவில் அங்கே உட்கார்ந்து தூங்கப்போனவரைப் பற்றிப் பேசினால் அவர் ஒரு சொல் விடாமல் கேட்பார். இரவு 11க்கு மேல் பேச்சுக்காரர்கள் முன்பக்கம் போகட்டும், அல்லது கரைக்கு.

முன்முனையில் தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் "ஏன் டல்லா இருக்கீங்க?" என்று கேட்காதீர்கள். அந்தப் படகில் அவருக்கு வேறு அறை கிடையாது. வடமேற்குக் காற்றான மைஸ்ட்ரல் மதியத்துக்கு மேல்தான் வலுக்கும் என்பதால் காலை நேரம் ஓய்வாகவே போகும். அதைத் தனிமைக்கு விட்டுவிடலாம்.

விஸ் தீவில் ஒருநாள் எல்லோரும் பிரிந்து போவது நல்லது. 1989 வரை வெளிநாட்டவர் நுழைய முடியாத யூகோஸ்லாவிய ராணுவத் தீவு அது. சுரங்கங்களைப் பார்க்க இருவர், ஸ்கூட்டரில் கோமிஷா என்ற ஊருக்கு இருவர், படகிலேயே தூங்க இருவர் என்று போய்வந்தால் இரவுச் சாப்பாட்டில் பேச நிறைய இருக்கும்.

படி 9: காற்று அடைத்துவிட்டால்

தென்கிழக்கிலிருந்து யூகோ காற்று வந்தால் மேகமும் பேரலையுமாக ஒரே துறையில் கட்டிக்கிடக்க நேரலாம். யூகோ வீசினால் மனிதர்களுக்கு எரிச்சல் வரும் என்று அந்தக் கரைக்காரர்கள் சொல்வார்கள். நனைந்த துண்டுகளுக்கு நடுவே ஏழு பேர் அடைந்து கிடந்தால் எந்தக் காற்றுக்கும் வரும். திட்டம் மாறியதற்காக ஸ்கிப்பரை நெருக்காதீர்கள். ஒருவர் அவரிடம் பேசி மற்றவர்களுக்குச் சொன்னால் போதும். சீட்டுக்கட்டு எடுத்துவையுங்கள். இந்தக் கடற்கரைப் பகுதியான டால்மேஷியாவில் எல்லோரும் ஆடும் பிரிஷ்குலா என்ற சீட்டாட்டத்துக்கு 40 சீட்டு, ஆளுக்கு மூன்று, நான்கு பேர் இரண்டு அணி. அதைச் சொல்லிக்கொடுக்கக் கேட்டால் பல ஸ்கிப்பர்கள் தாங்களே உட்கார்ந்துவிடுவார்கள்.

யாராவது வேலையே செய்யாமல் இருந்தால் பொதுவில் குத்திக்காட்டாதீர்கள். பலருக்கு என்ன செய்வதென்று தெரியாது என்பதே காரணம். "இந்த ஃபெண்டரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று குறிப்பாகச் சொன்னால் எழுந்துவிடுவார்கள். சொல்லியும் எழாதவர்கள் உண்டு. ஆறு நாள்தான் என்று விட்டுவிடுங்கள்.

படி 10: வெள்ளிக்கிழமைக் கணக்கு

டீசல் தொட்டியை நிரப்பித்தான் படகைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், எல்லாப் படகும் ஒரே மாலையில் வரும். பங்க் துறையில் காத்திருக்கும் நேரத்தில் கணக்கை முடியுங்கள்: மிச்சத்தை ஆறாக வகுத்து ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள், "அப்புறம் அனுப்புகிறேன்" வேண்டாம். ஸ்கிப்பருக்கு அன்பளிப்பு கட்டாயமில்லை, கொடுப்பது வழக்கம். ஒரே உறையில், யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாதபடி. படங்களை ஒரே ஆல்பத்தில் சேர்த்து, பொதுவெளியில் போடும் முன் அதிலிருப்பவரிடம் கேளுங்கள். பிரிக்காத பாஸ்தாவையும் தண்ணீரையும் ஸ்கிப்பரிடம் சொல்லி அடுத்த குழுவுக்கு விட்டுப்போகலாம். திறந்த பால் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் விட்டுப்போகாதீர்கள்.