விரால் பிடிக்கத் தூண்டில் ராடும் ரப்பர் தவளையும் வாங்கப் போறீங்களா?

கடையில் 'பாஸ்' மீனுக்கு என்று அட்டை போட்டு விற்கும் ராடைப் பார்த்துத் தயங்காதீங்க. அமெரிக்க பாஸ் நம்ம தாமிரபரணிப் பக்கம் கிடையாதுதான். ஆனால் பாசிக்குள் பதுங்கிப் பாய்கிற குணம் நம்ம விராலுக்கும் உண்டு. அதே சாமான் போதும்.

ராடு ஆறரை முதல் 7 அடி, கொஞ்சம் விறைப்பான 'மீடியம் ஹெவி' வகை. நூல் சுற்றும் ரீல் 3000 அளவு, ஸ்பின்னிங் வகை. பெய்ட்காஸ்டர்னு இன்னொரு வகை ரீல் பார்க்க ஜோர்தான். பழகாத கைக்கு மீனைவிடச் சிக்குதான் அதிகம் மாட்டும். நூல் 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னல் நூல்.

காசை இரையில் போடுங்க. அல்லியும் ஆகாயத்தாமரையும் மண்டிய குளத்தில் உள்ளே பொள்ளலான ரப்பர் தவளைதான் சரி. முள் ரெண்டும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கிறதால கொடியில் சிக்காது. வாங்கும்போது விரலால் அமுக்கிப் பாருங்க; உடம்பு எளிதா அமுங்கி முள் வெளியே வரணும். கல்லு மாதிரி இருந்தால் வேண்டாம். விரால் அடிச்சதும் உடனே சுண்டாதீங்க. ஒன்று, இரண்டு எண்ணி, நூல் இறுகினதும் இழுங்க.

இரையா ரப்பர் புழுக்களும் வாங்கினால், வாங்கின கவரிலேயே வையுங்க. கலர் கலந்து டப்பாவில் போட்டால் சாயம் ஏறிடும். பைக் பெட்டியில், நம்ம ஊர் சித்திரை வெயிலில் விட்டால் கேட்கவே வேண்டாம்.

குளம் மீன் குத்தகையில் இருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க, அண்ணாச்சி. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மிதந்தால் கீழே பெரிய விரால் காவலுக்கு நிற்கும். அங்கே மட்டும் வீசாதீங்க.